ரெஃப்ரெஷ் டோக்கனை ஒரே இடத்தில் வைத்தோம்: ஒரு நிகழ்வு ஆய்வு

காலை ஒன்பதரைக்கு கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து போன். "தம்பி, மறுபடியும் பில்லு போகலைங்க. நேத்துதானே ஓடிபி சொன்னேன்?"

தொடர்ந்து மூன்றாவது நாள். முந்தைய இரண்டு நாளும் அவர் ஒப்புதல் பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, ஓடிபி கொடுத்து, அனுமதிப் பொத்தானை அழுத்தியிருந்தார். ஒவ்வொரு முறையும் எல்லாம் சரியாகிவிடும். சில மணி நேரம் ஓடும். அப்புறம் நின்றுபோகும்.

அது திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நிறுவனம். கணக்கு முழுவதும் இணையத்தில் இயங்கும் ஒரு கணக்கு மென்பொருளில் இருக்கிறது. அதோடு பேசும் சின்னச் சின்ன புரோகிராம்களை எழுதிப் பராமரிப்பது எங்கள் மூன்று பேர் குழு. பில் போடுவது ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டாக் சரிபார்ப்பது ஒன்று, வாங்குபவர்களின் பாக்கியைத் திரட்டுவது ஒன்று. இவை மூன்றும் முதல் சர்வரில் ஒரே ஃபைலில் இருந்த டோக்கனை, அதாவது கணக்கு மென்பொருளுக்குள் நுழையும் அனுமதிச் சீட்டை, பகிர்ந்துகொண்டன. இரண்டாவது சர்வரில் இரவு 1:30-க்கு வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்கும் வேலை ஒன்று, காலையில் முதலாளிக்குப் போகும் அறிக்கை ஒன்று. ஐந்தும் ஐந்து காலகட்டத்தில் எழுதப்பட்டவை. இரண்டு பைத்தான், இரண்டு பிஎச்பி, ஒன்று நோட் ஜேஎஸ்.

எது செத்தது, எது கொன்றது

ஓஆத் 2.0 என்பது கடவுச்சொல்லைக் கையில் கொடுக்காமலே ஒரு புரோகிராமுக்கு அனுமதி தரும் முறை. அது தெரிந்தவர்களுக்கு இந்தப் பத்தி பழைய கதை. 2012 அக்டோபரில் வெளியான அதன் தரநிலை ஆவணம் ஆர்எஃப்சி 6749 இரண்டு வகை டோக்கனைப் பிரித்து வைத்தது. ஆக்சஸ் டோக்கன் கொஞ்ச நேரத்துக்குத்தான் செல்லும். எங்கள் இடத்தில் 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். அது தீர்ந்ததும் புதிதாக ஒன்று வாங்க ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்ட வேண்டும். இந்த ரெஃப்ரெஷ் டோக்கன் நீண்ட நாள் வாழும். ஆகவே அது திருட்டுப்போனால் ஆபத்தும் நீண்ட நாளைக்கு.

அதற்காகத்தான் சுழற்சி என்ற ஏற்பாடு. ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்டி ஆக்சஸ் டோக்கன் வாங்கும் ஒவ்வொரு முறையும், கூடவே புது ரெஃப்ரெஷ் டோக்கனும் வரும், பழையது செல்லாது. பழையதை யாராவது மறுபடி காட்டினால், ஒரே டோக்கன் இரண்டு பேர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். இருவரில் யார் திருடன் என்று வழங்கும் சர்வருக்குத் தெரியாது. அதனால் அந்த ஒப்புதலில் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்த டோக்கன் சங்கிலி முழுவதையும் ரத்து செய்துவிடும். இது சரியான ஏற்பாடு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எங்கள் அமைப்பு அதற்கு ஏற்றதாக இல்லை, அவ்வளவுதான்.

கணக்கு மென்பொருளில் சுழற்சி முன்பு இல்லை. ஆகவே ஒரே ரெஃப்ரெஷ் டோக்கனை இரண்டு சர்வரிலும் நகல் வைத்து வருடக்கணக்கில் ஓட்டியிருந்தோம். சுழற்சி வரப்போகிறது என்ற அறிவிப்பு மின்னஞ்சல் முறையாக வந்திருக்கிறது. ஆனால் அந்த முகவரியை எங்களில் யாரும் திறப்பதில்லை. தவறு முழுக்க எங்களுடையது.

முதல் இரண்டு நாள் நாங்கள் தவறான இடத்தில் தேடினோம். முதலில் கூக்குரல் எழுப்பியது ஸ்டாக் புரோகிராம். எனவே அதன் நிரலைத்தான் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். பதிவில் (லாக்) 400 என்ற பிழை எண், கூடவே 'இன்வேலிட் கிராண்ட்', அதாவது காட்டிய டோக்கன் செல்லாது. கடவுச்சொல் மாறியதா, சர்வர் கடிகாரம் பின்தங்கியதா, அக்கா ஒப்புதலை வேறு கணக்கில் கொடுத்துவிட்டாரா என்று ஒவ்வொன்றாக அலசினோம். போதாக்குறைக்கு இரண்டு முறை நள்ளிரவில் செத்தது, ஒருமுறை மட்டும் பிற்பகல் 3:40-க்கு. இந்த ஒன்று எங்களை ரொம்பவே குழப்பியது.

ஐந்து புரோகிராம்களின் பதிவையும் ஒரே தாளில் நேர வரிசைப்படி அடுக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. இரவு 1:30-க்கு இரண்டாவது சர்வரின் வங்கி வேலை தன்னிடம் இருந்த பழைய நகலைக் காட்டியிருக்கிறது. சங்கிலி அந்த நொடியே அறுந்தது. அந்த வேலை பிழையைத் தன் சொந்தப் பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு அமைதியாக வெளியேறிவிட்டது. முதல் சர்வரில் இருந்த ஆக்சஸ் டோக்கனுக்கு இன்னும் நாற்பது நிமிட ஆயுள் இருந்ததால் ஸ்டாக் புரோகிராம் 2:10 வரை ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. கொன்றது 1:30-க்கு, பிணம் தெரிந்தது 2:10-க்கு. பிற்பகல் 3:40 சம்பவம் வேறு: முதல் சர்வரிலேயே பில் புரோகிராமும் ஸ்டாக் புரோகிராமும் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலைப் படித்து, இரண்டும் ஒரே ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்டியிருக்கின்றன.

ஏன் ஒரு எண்ட்பாயிண்ட்

எங்கள் குழுவில் ஒருவர் சொன்னது எளிய வழி: ரெஃப்ரெஷ் டோக்கனை எல்லோரும் எட்டக்கூடிய டேட்டாபேஸில் வைப்போம், புதுப்பிப்பவர் மற்றவர் அந்த நேரம் தொட முடியாதபடி பூட்டுப் போட்டுக்கொண்டு புதுப்பிக்கட்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பூட்டை மூன்று மொழிகளில் ஐந்து இடத்தில் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒரே ஒரு இடத்தில் பிசகினால் ஐந்தும் சேர்ந்து சாகும். தவிர, ரெஃப்ரெஷ் டோக்கனும் கிளையன்ட் சீக்ரெட்டும் (கேட்பது நாங்கள்தான் என்று காட்டும் ரகசியச் சாவி) ஐந்து இடத்தில் கிடக்கும்.

ஆகவே ஒரு சின்ன வலைச் சேவை. ரெஃப்ரெஷ் டோக்கன் அதனிடம் மட்டும் இருக்கும், எந்தக் காரணத்துக்காகவும் வெளியே வராது. மற்ற புரோகிராம்கள் அதன் எண்ட்பாயிண்டை, அதாவது கோரிக்கை அனுப்பும் முகவரியை, கேட்டால், அந்த நேரத்தில் செல்லும் ஆக்சஸ் டோக்கனும் இன்னும் எத்தனை விநாடி செல்லும் என்ற எண்ணும் கிடைக்கும். ரெஃப்ரெஷ் என்ற சொல்லே அவற்றுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இந்த வடிவம் புதிதல்ல. கூகுள் கிளவுடில் ஓடும் மெய்நிகர் கணினி 169.254.169.254 என்ற முகவரியைக் கேட்டால் இதையேதான் பெறுகிறது: ஒரு டோக்கன், மீதமுள்ள விநாடி. அமேசான் கிளவுடிலும் அதே முகவரியில் இதேபோன்ற ஏற்பாடு உண்டு. பெரிய ஆட்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள், எங்கே அடிபட்டார்கள் என்று படித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கினோம். அது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தியது.

காலாவதி நேரத்தைக் கடிகார நேரமாகக் கொடுக்காமல் மீத விநாடியாகக் கொடுத்ததற்குக் காரணம் இரண்டாவது சர்வர். அதன் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது. கேட்பவரின் கடிகாரம் எப்படி இருந்தாலும் '1900 விநாடி' என்றால் 1900 விநாடிதான். எங்கள் பக்கத்தில், புதுப்பிக்கும் கோரிக்கையை அனுப்புவதற்கு முந்தைய நொடியிலிருந்தே இந்த விநாடிகளை எண்ணத் தொடங்குகிறோம், பதில் வந்த நொடியிலிருந்து அல்ல. பதில் வர எட்டு விநாடி ஆனால் அந்த எட்டு விநாடியும் நமக்குப் பாதுகாப்பாகக் கழிந்துவிடும்.

எப்போது புதுப்பிப்பது என்பதில் இரண்டு கருத்து இருந்தது. யாராவது கேட்கும்போது மட்டும் புதுப்பித்தால் நிரல் சின்னது. ஆனால் அந்த நேரம் பார்த்து கணக்கு மென்பொருளின் சர்வர் தள்ளாடினால், கேட்டவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஆகவே டைமரும் வைத்தோம்: பத்து நிமிடம் மீதமிருக்கும்போதே அது புதுப்பிக்கப் போகும். சர்வர் பிழை என்று பதில் வந்தால் அரை நிமிடத்தில் மறுபடி. அதுவரை பழைய ஆக்சஸ் டோக்கன் இன்னும் செல்லும் என்பதால் கேட்பவர்களுக்கு எதுவும் தெரியாது. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் யாருமே கேட்கவில்லை என்றாலும் சங்கிலி உயிரோடு இருக்கும்.

வங்கி வேலைக்கு மட்டும் ஒரு சிக்கல். அது நாற்பது நிமிடம் ஓடும், தொடக்கத்தில் ஒரு டோக்கன் வாங்கிக் கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளும். இருபது நிமிடம் மீதமுள்ள டோக்கன் கைக்கு வந்தால் பாதி வழியில் 401, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பிழை. அந்தப் புரோகிராமை மாற்றி, ஒவ்வொரு நூறு வரவுக்கும் ஒருமுறை எண்ட்பாயிண்டைக் கேட்கச் செய்தோம். பக்கத்து மெஷினைக் கேட்பதால் சில மில்லி விநாடிதான் செலவு. பழைய பிஎச்பி ஒன்றை அப்படி மாற்ற முடியவில்லை. அதற்காக 'குறைந்தது இத்தனை விநாடி செல்ல வேண்டும்' என்று கேட்கும் வசதி சேர்த்தோம். அதற்கு 1800 என்று உச்சவரம்பும் வைத்தோம். இல்லாவிட்டால் யாராவது 3600 என்று கேட்டு, ஒவ்வொரு அழைப்புக்கும் புதுப்பிக்க வைத்துவிடுவார்கள்.

நான்கு வொர்க்கர், நான்கு பூட்டு

சேவையைப் பைத்தானில் எழுதினோம். இருவர் ஒரே நேரத்தில் புதுப்பிக்கக் கூடாது என்பதால் நிரலில் பூட்டு இருந்தது. சோதனையில் இருநூறு கோரிக்கைகளை ஒரே நேரத்தில் வீசினோம். ஒரே ஒரு புதுப்பிப்புதான் நடந்தது. மகிழ்ச்சியோடு சர்வரில் ஏற்றினோம்.

ஐம்பதாவது நிமிடத்தில் சங்கிலி அறுந்தது.

சோதனை நடந்தது என் மடிக்கணினியில், ஒரே பிராசஸில், அதாவது சேவையின் ஒரே ஒரு பிரதிதான் ஓடியது. சர்வரில், பைத்தான் சேவைகளை இயக்கும் ஜியூனிகார்ன் நான்கு வொர்க்கர்களோடு ஓடியது. ஒவ்வொரு வொர்க்கரும் தனி பிராசஸ், தனி நினைவகம். ஆகவே நான்கு பூட்டு, நான்கு டைமர். பத்து நிமிடம் மீதமிருந்த அந்தக் கணத்தில் நான்கு டைமரும் ஒரே நொடியில் அடித்தன. நான்கு வொர்க்கரும் தத்தம் பூட்டைப் போட்டுக்கொண்டு, நான்கு பேரும் ஒரே ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்டினார்கள். எந்த நோயைத் தீர்க்க இந்தச் சேவையை எழுதினோமோ அதே நோய், இப்போது மணிக்கு ஒருமுறை தவறாமல் வரும்படி. அக்காவை மறுபடி கூப்பிட்டு ஓடிபி கேட்டபோது அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் எண்ணை மட்டும் படித்தார். எனக்கு அது திட்டு வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வொர்க்கரை ஒன்றாகக் குறைத்தாலே போதும். அன்று பிற்பகல் அதைத்தான் செய்தோம். ஆனால் ஆறு மாதம் கழித்து யாராவது வேகத்துக்காக அந்த எண்ணை மறுபடி நான்கு ஆக்கினால் பழைய கதைதான். பூட்டு எல்லா பிராசஸுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருந்தது. அதில் டோக்கன் இருக்கும் வரியை 'செலக்ட் ஃபார் அப்டேட்' கட்டளை மூலம் பூட்டுகிறோம். ஒருவர் பிடித்திருந்தால் மற்றவர் காத்திருப்பார்.

இதில் எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. காத்திருந்தவருக்குப் பூட்டு கிடைக்கும்போது முதலாமவர் வேலையை முடித்திருப்பார். இவர் கையில் இருப்பது பூட்டுக்கு முன் படித்த பழைய டோக்கன். அதை வைத்துக்கொண்டு புதுப்பிக்கப் போனால், பூட்டு போட்டதே வீண். வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராகச் சங்கிலியை அறுப்போம். ஆகவே பூட்டு கிடைத்ததும் வரியை மறுபடி படித்து, ஏற்கெனவே புதுசாகியிருந்தால் அதையே எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். எங்கள் நிரலில் இந்த ஒரு நிபந்தனைக்கு மேலே ஐந்து வரி விளக்கம் எழுதி வைத்திருக்கிறோம், பின்னால் வருபவர் 'இது எதற்கு' என்று நீக்கிவிடக் கூடாது என்பதற்காக.

அடுத்தது, இன்னும் முழுதாகத் தீராதது. புதுப்பிக்கும் கோரிக்கை போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் பழைய டோக்கனைச் செல்லாததாக்கிப் புதியதை அனுப்பியது. நாம் அதை டேட்டாபேஸில் எழுதும் முன் பிராசஸ் செத்துவிட்டால்? புதிய டோக்கன் யாரிடமும் இல்லை. இந்த இடைவெளியைச் சுருக்கலாம், ஒழிக்க முடியாது. பதில் வந்ததும் முதல் வேலை அதை டேட்டாபேஸில் எழுதி உறுதிசெய்வது (கமிட்). பதிவு எழுதுவதோ கேட்டவருக்குப் பதில் தருவதோ அதற்குப் பிறகுதான். ஜியூனிகார்னில் வொர்க்கருக்கு இயல்பாக 30 விநாடி கெடு. அதற்குள் சாதாரண வொர்க்கர் திரும்பாவிட்டால் கொன்றுவிடும். ஆகவே புதுப்பிக்கும் கோரிக்கைக்கு 10 விநாடிதான் கொடுத்தோம். பதில் வராத கோரிக்கை அந்தப் பக்கம் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம்; சேர்ந்திருந்தால் புதிய டோக்கன் எப்படியும் தொலைந்ததுதான். எனவே பதில் வராமல் போனால் உடனே ஒரே ஒரு முறை அதே டோக்கனோடு முயல்கிறோம். அதுவும் தோற்றால் நிறுத்திவிட்டு மூன்று பேர் போனுக்கும் செய்தி. பழைய டோக்கனை இப்படி மறுபடி காட்டினால் உங்கள் சேவை என்ன செய்யும் என்பதை ஆவணத்தில் பார்க்காமல் மறுமுயற்சி எழுதாதீர்கள்.

கதவை யார் தட்டலாம்

ரெஃப்ரெஷ் டோக்கனை ஒரே இடத்தில் வைத்துவிட்டோம். சரி, இப்போது எண்ட்பாயிண்டைக் கேட்பவர் எவரும் கணக்கைத் திறந்துவிடலாம் அல்லவா? இங்கேதான் 2019-ல் கேப்பிட்டல் ஒன் வங்கிக்கு நடந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தோம். தாக்கியவர் அவர்களின் ஒரு சர்வரை ஏமாற்றி, அதன் வாயாலேயே அமேசானின் அந்த 169.254.169.254 முகவரியைக் கேட்க வைத்தார். அது தற்காலிகச் சாவிகளைக் கொடுத்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் தகவல் போனது. அதே ஆண்டு நவம்பரில் அமேசான் கொண்டுவந்த இரண்டாம் பதிப்பில், முதலில் ஒரு புட் கோரிக்கை (முகவரியைத் திறக்கும் சாதாரண கெட் கோரிக்கையிலிருந்து வேறுபட்ட வகை) அனுப்பித் தற்காலிக டோக்கன் வாங்கி, பிறகு அதைக் கோரிக்கையோடு போகும் தலைப்பில் (ஹெடர்) வைத்துத்தான் எதையும் கேட்க முடியும். கூகுளும் கோரிக்கையில் தனித் தலைப்பு ஒன்று இல்லாவிட்டால் மறுத்துவிடும். ஒரு சர்வரை ஏமாற்றி வெறும் முகவரியைத் திறக்க வைப்பது எளிது. குறிப்பிட்ட தலைப்போடு, குறிப்பிட்ட வகைக் கோரிக்கையை அனுப்ப வைப்பது அதைவிட எத்தனையோ மடங்கு கடினம்.

எங்களுடையதும் கெட் கோரிக்கைக்குப் பதில் சொல்லாது, போஸ்ட் மட்டும்தான். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனிச் சாவி, தலைப்பில். உள் நெட்வொர்க்கில் மட்டும் காது வைத்திருக்கும். யார் எப்போது கேட்டார்கள் என்று பதிவு. பதிலில் 'நோ ஸ்டோர்' (சேமித்து வைக்காதே) தலைப்பு கட்டாயம். ஆர்எஃப்சி 6749 டோக்கன் வழங்கும் சர்வர்களுக்கு அதைத்தான் சொல்கிறது, இடையில் நிற்கும் ப்ராக்ஸி ஏதாவது பழைய டோக்கனை நினைவில் வைத்துக்கொண்டு பரிமாறாமல் இருக்க. காலை அறிக்கைக்குப் படிக்கும் உரிமை போதும் என்பதால் அதற்குத் தனி ஒப்புதல், தனிச் சங்கிலி.

பதிவைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது: பிழை தேடுவதற்காக வைத்திருந்த வரி ஒன்று முழுப் பதிலையும் பதிவில் எழுதிக்கொண்டிருந்தது. ஆக்சஸ் டோக்கன்கள் வரிசையாக அப்படியே ஃபைலில். அன்றே அழித்து, டோக்கனுக்குப் பதில் அதன் ஷா-256 மதிப்பின் (டோக்கனிலிருந்து கணக்கிடும், ஆனால் டோக்கனைத் திரும்பக் காட்டிக்கொடுக்காத குறி) முதல் பத்து எழுத்தை மட்டும் எழுதும்படி மாற்றினோம். அந்தக் கைரேகை வேறொரு வேலைக்கும் உதவியது. ஒரு புரோகிராமுக்கு 401 வந்தால் 'இந்தக் கைரேகை உள்ள டோக்கன் செல்லவில்லை' என்று எண்ட்பாயிண்டிடம் சொல்லும். இப்போது வைத்திருப்பதும் அதே கைரேகை என்றால் மட்டும் புதுப்பிப்போம். வேறு என்றால், யாரோ ஏற்கெனவே சொல்லிப் புதுப்பித்தாயிற்று, புதியதைக் கொடுத்தால் போதும். ஒரு சங்கிலியைப் பகிரும் எல்லா புரோகிராமும் ஒரே நேரத்தில் முறையிட்டாலும் ஒரே ஒரு புதுப்பிப்பு.

மாற்றிய நாள்

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அக்கா கடைசியாக ஒப்புதல் கொடுத்தார். அதற்கு முன் கிளையன்ட் சீக்ரெட்டையும் மாற்றினோம். பழைய நகல் எங்காவது கிடந்தாலும் அது வாசலிலேயே 'இன்வேலிட் கிளையன்ட்' என்று திரும்ப வேண்டும், டோக்கன் வரை போகவே கூடாது என்பதுதான் எண்ணம்.

இரண்டு நாள் கழித்து பதிவில் அப்படி ஒரு வரி உண்மையிலேயே வந்தது. முதல் சர்வரின் கிரான் பட்டியலில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் புரோகிராம்களின் பட்டியல்), மாதத்தின் முதல் திங்கள் மட்டும் ஓடும் ஆறாவது புரோகிராம் ஒன்று. எங்களுக்கு முன் இருந்தவர் எழுதியது; ஏற்றுமதி ஊக்கத்தொகைக்கான பட்டியல் எடுப்பது. அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. சீக்ரெட்டை மாற்றாமல் விட்டிருந்தால் அந்தத் திங்கள் காலை மறுபடி போன் வந்திருக்கலாம். அதற்கும் ஒரு சாவி கொடுத்து எண்ட்பாயிண்டோடு இணைத்தோம்.

சேவையே நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். புரோகிராம்கள் கடைசியாக வாங்கிய டோக்கனை அதன் ஆயுள் தீரும்வரை நினைவில் வைத்துக்கொள்கின்றன. டைமர் பத்து நிமிடத்துக்கு முன்பே புதுப்பிப்பதால், சேவையை எட்டு நிமிடம் வேண்டுமென்றே அணைத்து வைத்தும் பில் போவது நிற்கவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. சங்கிலி முழுவதும் அக்காவின் சொந்த லாகினில் தொங்குகிறது. அவர் கடவுச்சொல்லை மாற்றினாலோ வேலையை விட்டாலோ அத்தனையும் அறுந்துவிடலாம். புரோகிராம்களுக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, ஓடிபி அலுவலக எண்ணுக்கு வரும்படி செய்யக் கேட்டிருக்கிறோம். அதற்கான விண்ணப்பம் முதலாளியின் மேசையில் கையெழுத்துக்குப் போயிருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தது அக்காதான்.